பெரியவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது: வடசென்னை வாசகர் கேள்வி – பதில்

மூத்தோர் பயணம் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடிதங்கள் வந்தன. நிறைய கடிதங்களைப் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். ‘எப்படி நிறுத்துவது’ என்பதுதான் அவற்றில் பெரும்பாலும் கேள்வி. நிறுத்துவதற்கு வழி இங்கே கிடையாது. எதற்காகப் போக நினைக்கிறார் என்று முதலில் கேளுங்கள். அதைத் தெரிந்துகொண்டால் எப்படிப் போவது என்று முடிவு செய்யலாம்.

வாசகி, தண்டையார்பேட்டை: அம்மாவுக்கு 67 வயது. அப்பா தவறி இரண்டு வருஷம் ஆகிறது. அதுவரை மார்க்கெட்டைத் தாண்டாதவர், இப்போது மாதம் ஒரு கோயில், ஒரு கல்யாணம், ஒரு ஊர் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். முட்டிவலி வேறு. வேண்டாம் என்றால் கோபம் வருகிறது. ஏன் இப்படி?

பிள்ளை வளர்ப்பு, அடுப்படி, கடைசியில் நோயாளியைப் பார்த்துக்கொள்வது என்று இத்தனை வருஷம் கட்டிப்போட்ட வேலை இப்போதுதான் அவரை விட்டிருக்கிறது. துணையை இழந்த பெண்கள் அறுபதுக்கு மேல் ஊர் ஊராகக் கிளம்புவது புதிதல்ல. ‘போகலாமா’ என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை என்ற நிலையே பலருக்கு அப்போதுதான் வருகிறது. வெள்ளைப் பலகை பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை என்பதும் இதற்குப் பெரிய துணை. கையில் காசு கேட்டு நிற்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு பயணத்துக்கும் காரணம் வேறு. நேர்த்திக்கடன் என்றால் அந்தக் கோயில், அந்த நாள் இரண்டையும் மாற்ற முடியாது. போகும் வண்டியையும் நேரத்தையும் மட்டும் மாற்றலாம். நாலு பேரோடு பேசிச் சிரித்துப் போவதற்காகக் கிளம்புகிறார் என்றால், நீங்கள் தனியாகக் கார் வைத்து அனுப்புவதில் அவருக்குச் சந்தோஷம் இல்லை. அந்த நாலு பேரில் ஒருவரின் செல்பேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. கல்யாணம், காதுகுத்து என்றால் அங்கே ஊர்முறை இருக்கிறது. அப்பா வைத்த மொய்யை அம்மா கையால் திருப்பி வைப்பது அவருக்கு மரியாதை. ஜிபேயில் அனுப்பிவிட்டால் தீர்ந்துவிடாது. முதல் நாள் ராத்திரியே போய்ச் சேர்ந்து, தூங்கி எழுந்து முகூர்த்தத்துக்குப் போகிற மாதிரி பாருங்கள். ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து விடிகாலையில் மண்டபத்தில் இறங்குவதுதான் வீங்கிய காலுக்கும் மறுநாள் காய்ச்சலுக்கும் காரணம்.

முட்டிவலிக்கு எதிரி தூரம் இல்லை, படிக்கட்டு. முன்னூறு கிலோமீட்டர் ரயிலில் படுத்துக்கொண்டு போய்விடலாம். நாற்பது படி நடைமேம்பாலம் முடக்கிவிடும். அதனால் ‘எத்தனை மணி நேரம்’ என்று கேட்பதற்கு முன்னால் ‘எத்தனை இடத்தில் ஏறி இறங்க வேண்டும்’ என்று எண்ணிப் பாருங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைத்தடி வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் இருக்க வேண்டும். தடியின் அடி ரப்பர் தேய்ந்திருந்தால் ஈரத் தரையில் அதுவே வழுக்கிவிடும், மாற்றிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். போகிற காரணத்தைச் சொல்லி, சொன்ன நேரத்துக்கு அவர் திரும்புகிறார் என்றால் பயமில்லை. எங்கே கிளம்பினோம் என்று பாதி வழியில் மறப்பது, வருஷக்கணக்காகப் போன 56 நம்பர் வரிசை பஸ்களில் ஸ்டாப்பைத் தவறவிடுவது, நேரங்கெட்ட நேரத்தில் ‘வீட்டுக்குப் போகணும்’ என்று வீட்டிலிருந்தே கிளம்புவது, இவை நினைவு தடுமாறுவதன் அறிகுறியாக இருக்கலாம். அப்போது நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இது தெரியாமல் திட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு.

வாசகர், கொருக்குப்பேட்டை: சீனியர் சிட்டிசன் பஸ் டோக்கன் எங்கே வாங்குவது? எத்தனை தருவார்கள்?

சென்னையில் வசிக்கும் 60 வயது நிறைந்தவர்களுக்கு மாநகர் போக்குவரத்துக் கழகம் மாதம் 10 டோக்கன் தருகிறது. ஆறு மாதத்துக்கு 60 டோக்கனாக மொத்தமாகக் கையில் வரும். ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் அடுத்த அரையாண்டுக்கு வழங்கத் தொடங்குவார்கள். அருகிலுள்ள பணிமனையிலோ பேருந்து நிலையத்திலோ கேளுங்கள். முகவரிக்கு ரேஷன் அட்டை, வயதுக்கு ஆதார் அல்லது வாக்காளர் அட்டை, இரண்டு பாஸ்போர்ட் அளவு போட்டோ. அசலும் நகலும் எடுத்துப் போங்கள்.

ஒரு டோக்கன் ஒரு ஏற்றத்துக்கு. நடுவில் பஸ் மாறினால் இரண்டு டோக்கன் போய்விடும். ஏ.சி. பஸ்ஸில் செல்லாது. உங்கள் வீட்டம்மாவுக்கு ஒரு யோசனை: சாதாரணக் கட்டணப் பேருந்தில் அவருக்கு எப்படியும் இலவசம், அதனால் டோக்கனை டீலக்ஸ் பஸ்ஸுக்கு மிச்சம் வைத்துக்கொள்ளலாம். வியாசர்பாடி பணிமனையிலிருந்து 2025 ஜூன் 30 முதல் ஓடும் மின்சாரப் பேருந்துகள் தாழ்தளம் கொண்டவை. முட்டி மடக்க முடியாதவர்கள் ஐந்து நிமிஷம் காத்திருந்தாவது அதில் ஏறலாம்.

வாசகி, பெரம்பூர்: நானும் கணவரும், என் அக்காவும் மாமாவும் மதுரை போக ஒரே டிக்கெட்டாகப் போட்டோம். நாலு பேரும் அறுபதைத் தாண்டியவர்கள். இரண்டு மேல் பெர்த், ஒரு மிடில் வந்தது. பெரியவர்களுக்கு லோயர் பெர்த் என்கிறார்களே?

நாலு பேரை ஒரே டிக்கெட்டில் போட்டதால்தான் இப்படி ஆனது. லோயர் பெர்த் கோட்டா 60 வயது ஆன ஆண்களுக்கும் 45 வயது ஆன பெண்களுக்கும் உண்டு. ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவர் அல்லது இருவர் இருந்தால் மட்டும்தான் அது வேலை செய்யும். மூன்றாவது பெயர் சேர்ந்த உடனே பொதுக் கோட்டாவுக்குப் போய்விடும். அந்த வயது ஆகாத பேரப்பிள்ளையைச் சேர்த்தாலும் அதே கதி. நீங்கள் இரண்டு டிக்கெட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அந்தக் கோட்டாவைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பெட்டி வேறாக வந்தாலும் பரவாயில்லை. பகலில் சேர்ந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

கோட்டாவில் இடம் இல்லை என்றால், இணையத்தில் பதிவு செய்யும்போது ‘குறைந்தது ஒரு லோயர் பெர்த் கிடைத்தால் மட்டும் பதிவு செய்’ என்ற வாய்ப்பு இருக்கிறது, அதைக் குறியுங்கள். வெறுமனே ‘லோயர் விருப்பம்’ என்று போடுவது விருப்பம் மட்டும்தான். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது. பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். ஏப்ரல் 30 பயணத்துக்கு மார்ச் 1 காலையில் தயாராக இருங்கள்.

எண்ணைப் பார்த்தே பெர்த்தைச் சொல்லிவிடலாம். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் 1, 4, 9, 12, 17, 20 என்று போவது லோயர். 7, 15, 23 சைடு லோயர். சைடு லோயர் இரண்டு இருக்கையை மடித்துச் சேர்த்தது. நடுவில் இணைப்பு முதுகைக் குத்தும், நீளமும் குறைவு. இடுப்பு வலிக்காரர்கள் ஒரு கனமான போர்வையை நான்காக மடித்து அங்கே போட்டுக்கொள்ளுங்கள். முதல் எட்டு எண்களும் கடைசி எட்டு எண்களும் கழிவறைக்கு ஒட்டியவை. ராத்திரி மூன்று முறை எழுந்திருப்பவர்களுக்கு 9, 12 அருமையான இடம்: கிட்டேயும் இருக்கும், கதவுச் சத்தமும் நாற்றமும் அவ்வளவாக வராது.

மேல் பெர்த்தே வந்துவிட்டால், வண்டி கிளம்பியதும் டி.டி.ஆரிடம் கேளுங்கள். காலியாகும் லோயர் பெர்த்தை மூத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தர அவருக்கு அதிகாரம் உண்டு. எதிரில் இருக்கும் இளைஞரிடம் கேட்பது அதைவிடப் பலன் தரும். நம் பிள்ளைகள் பெரும்பாலும் மறுப்பதில்லை. கட்டணச் சலுகை பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆண்களுக்கு 40 விழுக்காடும் பெண்களுக்கு 50 விழுக்காடும் இருந்ததை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், திரும்ப வரவில்லை. வர வேண்டும் என்பது எங்கள் கருத்து.

டிக்கெட்டில் ஸ்டேஷன் எழுத்தையும் பாருங்கள். எம்.எஸ். என்றால் எழும்பூர், எம்.ஏ.எஸ். சென்ட்ரல், டி.பி.எம். தாம்பரம், பி.இ.ஆர். பெரம்பூர். தாம்பரத்தில் கிளம்பும் வண்டிக்கு எழும்பூரில் போய் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பெரம்பூரில் நிற்கும் வண்டி என்றால் உங்களுக்குச் சென்ட்ரல் கூட்டமே வேண்டாம். ஏறுமிடத்தைப் பெரம்பூர் என்றே போடுங்கள்.

வாசகர், வியாசர்பாடி: வயது 70. புராஸ்டேட் வீக்கம், ரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாத்திரை. வருஷம் இரண்டு முறை குலதெய்வத்துக்குத் திருநெல்வேலி பக்கம் பஸ்ஸில் போகிறேன். வழியில் ஒதுங்கப் பயந்து மதியத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. ஊரில் இறங்கினால் தலை சுற்றுகிறது.

தண்ணீரை நிறுத்தியதுதான் தலைசுற்றல், ஐயா. உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அழுத்த மாத்திரையும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது அழுத்தம் சட்டென்று இறங்கும். அடர்ந்த சிறுநீர், சிறுநீர்ப்பையைக் குத்தி இன்னும் அடிக்கடி வரவைக்கும், கிருமித் தொற்றும் எளிதாக வரும். பதினோரு பன்னிரண்டு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பும் கூடும்.

உங்களுக்கு முதல் யோசனை ரயில். கழிவறை பத்தடியில் இருக்கும்போது தண்ணீரைப் பற்றிய பயமே போய்விடும். டிக்கெட் கிடைக்காமல் பஸ்தான் என்றால் இப்படிச் செய்யுங்கள். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை வழக்கம்போலக் குடியுங்கள். அதற்குப் பிறகு மணிக்கு அரை டம்ளர், சிறு மடக்குகளாக. காபி, டீ மட்டும் மதியத்தோடு போதும். ஏறுவதற்கு முன் கழிவறைக்குப் போங்கள், பத்து நிமிஷம் விட்டு மறுபடியும் போங்கள். வீங்கிய புராஸ்டேட் முதல் முறையில் பையை முழுதாகக் காலிசெய்ய விடாது. நீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவராக இருந்தால், அன்று மட்டும் நேரத்தை மாற்றி ஊரில் இறங்கிய பின் போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முன் கதவுக்குப் பக்கத்தில், நடைபாதை ஓரச் சீட்டாகப் பதிவு செய்யுங்கள். ஏறும்போதே நடத்துநரிடம் ‘எனக்கு நடுவில் ஒருமுறை நிறுத்த வேண்டியிருக்கும்’ என்று சொல்லிவிடுங்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு நால்வழிச் சாலையில் திடீரென்று சொன்னால் ஓட்டுநரால் நிறுத்த முடியாது; முதலிலேயே சொன்னால் வெளிச்சமான பெட்ரோல் பங்க் பார்த்து நிறுத்துவார்கள். பெரியவர்களுக்கான டயாப்பரைப் பற்றி வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஜட்டி போல மாட்டும் வகையை இடுப்பளவு பார்த்து வாங்கி, முதலில் வீட்டில் ஒரு ராத்திரி போட்டுப் பாருங்கள்.

முக்கியமான ஒன்று: வாந்தி வராமல் இருக்கப் போடும் மாத்திரை, சளி மாத்திரை இரண்டையும் மருந்துக்கடையில் சும்மா வாங்கிப் போடாதீர்கள். புராஸ்டேட் உள்ளவர்களுக்கு இவற்றில் பல வகைகள் சிறுநீரை அடைத்துவிடும். அடிவயிறு கல்லாகி நீர் பிரியவே இல்லை என்றால் காலை வரை பொறுக்கக் கூடாது, அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.

மணிக்கு ஒருமுறை, உட்கார்ந்தபடியே குதிகாலைத் தரையில் வைத்து முன்பாதத்தைத் தூக்கி இறக்குங்கள், இருபது முறை. திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் தைலம் தேய்க்காமல் மருத்துவரிடம் போங்கள். திடீர் மூச்சுத்திணறல் என்றால் 108.

தெற்கே போகும் பஸ்கள் எல்லாம் கிளாம்பாக்கம் என்று நினைத்து, கிளம்பும் முன்பே இரண்டு மணி நேரம் அலைய வேண்டாம். மாதவரத்திலிருந்தும் சில தென்மாவட்டப் பேருந்துகள் கிளம்புகின்றன. முன்பதிவில் ஏறுமிடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

வாசகி, காலடிப்பேட்டை: பௌர்ணமியில் மூன்று அம்மன்களையும் ஒரே நாளில் தரிசிக்க ஆசை. வயது 64. ஆட்டோ வைத்தால் செலவு தாங்கவில்லை. ரயிலில் முடியுமா?

நன்றாக முடியும். காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்பது மரபு. உங்கள் வீடு நடுக்கோயிலுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிய வசதி. மதியம் வீட்டில் படுத்து எழலாம்.

விடிந்ததும் திருவொற்றியூர் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி மார்க்கம் ஏறி மீஞ்சூரில் இறங்குங்கள். அங்கிருந்து மேலூருக்கு ஆட்டோ. இந்த மார்க்கத்தில் ஆவடி மார்க்கம் அளவுக்கு அடிக்கடி வண்டி கிடையாது. பராமரிப்பு வேலைக்காகச் சில நாள் ரத்தும் செய்வார்கள். முதல் நாள் செய்தித்தாளில் பார்த்துவிடுங்கள். இறங்கியதுமே திரும்பும் வண்டியின் நேரத்தையும் கேட்டுக்கொண்டு போங்கள். அதைக் கேட்காமல் போனால் அடுத்த வண்டிக்காக வெயிலில் காத்திருந்து, பன்னிரண்டு மணியை ஒட்டி நடை சாத்திய பிறகு திருவொற்றியூர் வந்து சேர்வீர்கள். பத்தரைக்குள் வடிவுடையம்மன் சன்னதிக்கு வந்துவிடுகிற மாதிரி பாருங்கள். பௌர்ணமி வரிசை நீளம்.

மாலை மூன்று மணிக்கு மேல் மெட்ரோவில் சென்ட்ரல் வரை. லிஃப்ட் இருக்கிறது, படி ஏற வேண்டாம். அங்கிருந்து மூர் மார்க்கெட் வளாகப் புறநகர் நிலையத்துக்கு நடந்து, ஆவடி அல்லது திருவள்ளூர் வண்டியில் திருமுல்லைவாயில். விரைவு வண்டியாக இருந்தால் அங்கே நிற்காது, கேட்டு ஏறுங்கள். புறநகர் ரயிலிலேயே போய் பேசின் பிரிட்ஜில் மாறலாம் என்று சொல்வார்கள். நேரம் மிச்சம்தான், ஆனால் நடைமேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். மூர் மார்க்கெட்டில் தண்டவாளம் முடிந்துவிடுவதால் எந்த நடைமேடைக்கும் சமதளத்திலேயே போகலாம். உங்கள் வயதில் அந்தச் சமதளத்துக்காகவே அரை மணி கூடச் செலவழிக்கலாம்.

விரதம் இருப்பவரானால் வெறும் வயிற்றோடு மூன்று கோயிலையும் முடிக்கப் பார்க்காதீர்கள். பால், பழம், மோர் விரதத்துக்குள்தான் வருகிறது.

வாசகர், காசிமேடு: எங்க நைனாவுக்கு 71 வயசு. சுகர் பத்து வருஷமா இருக்கு. இந்த வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்தே போவேன்னு வேண்டிக்கிட்டாராம். சொன்னா கேக்க மாட்டேங்கறார்.

வேண்டுதலைக் கேலி செய்யாதீர்கள். அதே நேரம் சென்னையிலிருந்து முழுத்தூரமும் நடக்க விடாதீர்கள். முன்னூறு கிலோமீட்டருக்கு மேல், ஆகஸ்ட் வெயிலில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரமாக. சர்க்கரை உள்ள காலுக்கு இதில் தனி ஆபத்து இருக்கிறது. நரம்பு மரத்திருந்தால் கொப்புளம் வந்தது தெரியாது, உடைந்தது தெரியாது. சீழ் பிடித்த பிறகுதான் தெரியும். அந்தப் புண் விரலை எடுக்கிற அளவுக்குப் போகலாம்.

நைனாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: நாகப்பட்டினம் வரை ரயில், அங்கிருந்து வேளாங்கண்ணிக்கு நடை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். பிள்ளை சொல்வதைவிட அவர் சொன்னால் எடுபடும். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தன்று பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத்துக்கு நடக்கும் வழக்கமும் இங்கே உண்டு. ராயபுரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர், வழியெல்லாம் தண்ணீர் கொடுப்பார்கள், களைத்தால் பஸ் ஏறிவிடலாம்.

எதுவானாலும் ஆறு வாரம் முன்னால் தயார்செய்ய வேண்டும். முதலில் பாதப் பரிசோதனை. மெல்லிய நைலான் இழையால் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உணர்வு இல்லை என்றால் நீண்ட நடை கிடையாது. இருந்தால், தினம் இரண்டு கிலோமீட்டரில் தொடங்கி வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர் கூட்டலாம். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, தாடைக்கும் இடது தோளுக்கும் பரவும் வலியோ வந்தால் அத்தோடு நிறுத்தி இதயப் பரிசோதனை. ஷூவைச் சாயங்காலம் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கிய அளவில் இருக்கும். புது ஷூவோடு யாத்திரை போகக் கூடாது, மூன்று வாரமாவது பழகியிருக்க வேண்டும். வெறுங்கால் வேண்டுதல் என்றால் ஆலய வளாகத்துக்குள் மட்டும். தார்ச்சாலை வேண்டவே வேண்டாம்.

கூடப் போகிறவருக்கு மூன்று வேலை. நின்ற ஒவ்வொரு இடத்திலும் பாதத்தை டார்ச் அடித்துப் பார்ப்பது. மதியம் சாக்ஸ் மாற்றச் சொல்வது. பையில் சர்க்கரை வைத்திருப்பது. கிளைமிப்பிரைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வழக்கத்துக்கு மேல் நடந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும். வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். பதினைந்து நிமிஷத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்ததும் இரண்டு பிஸ்கெட்டாவது சாப்பிட வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும், 108 அழையுங்கள். யாத்திரை நாட்களுக்கான மாத்திரை அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். இருட்டில் நடந்தால் முதுகில் ஒளிரும் பட்டை கட்டாயம்.

வாசகி, எருக்கஞ்சேரி: எங்கள் தெருவில் ஒருவர் மாதாமாதம் பணம் கட்டினால் நவக்கிரகம், ராமேஸ்வரம் என்று ஆறு நாள் அழைத்துப் போகிறார். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் சேர்கிறார்கள். நம்பிப் போகலாமா?

தெரிந்தவர்களோடு போகும் பயணம் போலச் சுகம் வேறில்லை, போங்கள். ஆனால் பணம் கட்டும் முன் சிலவற்றைக் கேட்டு, தாளில் எழுதி வாங்குங்கள். ஆறு ராத்திரியில் எத்தனை ராத்திரி பஸ்ஸிலேயே தூக்கம்? இரண்டுக்கு மேல் என்றால் அறுபதைத் தாண்டியவர்கள் தாங்க மாட்டார்கள். ராத்திரி ஓடினால் இரண்டாவது ஓட்டுநர் உண்டா? பகலெல்லாம் ஓட்டியவரே இரவும் ஓட்டுவது எல்லாருக்கும் ஆபத்து. சீட் எண் எது? கடைசி இரண்டு வரிசை தூக்கித் தூக்கிப் போடும், முதுகெலும்பு தேய்ந்தவர்களுக்கு ஆகாது. இரு சக்கரங்களுக்கும் நடுவில் உள்ள வரிசை கேளுங்கள். தங்கும் அறை எந்த மாடி, வெஸ்டர்ன் கழிவறை உண்டா, நோய் வந்து வர முடியாவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார்? இதற்கெல்லாம் ‘பாத்துக்கலாம்மா’ என்று பதில் வந்தால் சேராதீர்கள்.

சமையல்காரரோடு போகும் சுற்றுலா என்றால் சிலிண்டர் எங்கே வைக்கிறார் என்று பாருங்கள். பயணிகள் உட்காரும் பகுதியில் இருக்கவே கூடாது. ரயிலில் எடுத்துப்போவது சட்டப்படி குற்றம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் சட்டவிரோதமாகக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது யாத்ரீகர்கள் இறந்தார்கள்.

ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தம் ஆடும்போதுதான் கவனம் அதிகம் வேண்டும். பிராகாரம் முழுக்க ஈரக்கல், கூட்டம், வெறுங்கால், நனைந்து கனத்த புடவை. இடுப்பு எலும்பு உடைய இதைவிடத் தோதான இடம் கிடையாது. சுவரோரமாக, இன்னொருவர் முழங்கையைப் பிடித்தபடி நடங்கள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகுங்கள்; சுடிதார் இன்னும் நல்லது. ஊற்றுபவரிடம் தோளில் ஊற்றச் சொல்லுங்கள்.

நவக்கிரகம் மட்டும் போதும் என்றால், கும்பகோணம் வரை ரயிலில் போய்த் தங்கி, அங்கிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகம் விடும் ஒரு நாள் நவக்கிரகப் பேருந்தில் பார்க்கலாம். ஒன்பது இடத்தில் ஏறி இறங்க வேண்டும் என்பதை மனதில் வையுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அறநிலையத் துறையும் 60 முதல் 70 வயது வரை இலவச ஆன்மிகப் பயணங்கள் நடத்துகிறது: ஆடியில் அம்மன் கோயில்கள், புரட்டாசியில் பெருமாள் கோயில்கள், அறுபடை வீடு, ராமேஸ்வரம் – காசி. மண்டல இணை ஆணையர் அலுவலகத்தில் விண்ணப்பம் கிடைக்கும். 70 முடிந்துவிட்டால் வாய்ப்பு போய்விடும், தள்ளிப்போடாதீர்கள்.

வாசகர், மண்ணடி: நாகூர் கந்தூரிக்குப் போகும்போது இன்சுலினை எப்படிக் கொண்டுபோவது?

பயன்பாட்டில் உள்ள இன்சுலினைப் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் நாலு வாரம் வெளியில் வைக்கலாம். அட்டையில் போட்டிருப்பதைப் பாருங்கள். சிக்கல் பஸ்ஸின் லக்கேஜ் அறையிலும் ஜன்னலோர வெயிலிலும்தான். கைப்பையில், ஈரத்துணி சுற்றிய டப்பாவில் வையுங்கள். ஐஸ் மேல் நேராக வைத்து உறைந்துவிட்டால் அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான், உருகினாலும் பயன்படாது. சாப்பாடு கண் முன்னால் வந்த பிறகு ஊசி போடுங்கள். ‘அடுத்த ஸ்டேஷனில் சாப்பாடு வரும்’ என்று நம்பிப் போட்டு, வண்டி நடுவழியில் நின்று மயங்கியவர்கள் பலர்.

வாசகி, அயனாவரம்: கணவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், 72 வயது. ஓய்வூதியர் பாஸ் இருந்தும் எங்கும் வர மறுக்கிறார். என்னாலும் போக முடியவில்லை.

‘பிடிக்கவில்லை’ என்பது பல ஆண்களுக்கு வெளியில் சொல்லும் காரணம். உள்ளே சிறுநீர் கசிவு இருக்கலாம், காது மந்தமாகி அறிவிப்பு கேட்காமல் இருக்கலாம், படியில் தடுமாறி யாரும் பார்க்காமல் சமாளித்திருக்கலாம். ‘ஏன் வரவில்லை’ என்று கேட்டால் பதில் வராது. காது, கண், சிறுநீர் மூன்றையும் வழக்கமான மருத்துவப் பரிசோதனையோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

பிறகு அரை நாள் பயணத்தில் தொடங்குங்கள். நியூ ஆவடி சாலையில் ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகம் உங்கள் வீட்டிலிருந்து தூரமில்லை. பேரப்பிள்ளைகளுக்கு நீங்கள் காட்டுங்கள் என்று அவரை முன்னால் விடுங்கள். 1856இல் திறந்த ராயபுரம் ஸ்டேஷன் இன்னொன்று. தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கும் வேலை இருந்தால் வயதான ஆண்கள் வெளியே வருகிறார்கள். நீங்களோ அவருக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் பாஸில் உங்களைச் சேர்ந்தவர்களோடு போக விதி எப்படி இருக்கிறது என்று அவர் அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் டிக்கெட் எடுத்துத் தங்கையோடு கிளம்புங்கள்.

வாசகர், விம்கோ நகர்: மகனைப் பார்க்க பெங்களூருக்கு விமானத்தில் போகிறோம். விமான நிலையத்துக்கு மெட்ரோவில் போகலாமா? மனைவியால் அதிகம் நடக்க முடியாது.

போகலாம். விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை நீல வழித்தடம், வண்டி மாற வேண்டாம். முதல் வண்டி ஐந்து மணி வாக்கில்தான் என்பதால், ஏழரைக்கு முந்தைய விமானத்துக்கு இது சரிவராது, டாக்ஸி எடுங்கள். சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிட வேண்டும், குறைந்தது 48 மணி நேரம் முன்னால். மெட்ரோ நிலையத்திலிருந்து புறப்பாட்டு வாசல் வரை உள்ள நடை அதில் சேராது. அதனால் பெரிய பெட்டியை நீங்கள் இழுத்துக்கொண்டு, அவரை மெதுவாக வரச்சொல்லி, அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி இரண்டுக்கு மேல் என்றால் மெட்ரோ வேண்டாம்.